டாலருக்கும் ஒரு பருவம்

மூன்று வாரமாக ரோஜாப் பெட்டி வரவில்லை. முதல் வாரம் விமானத்தில் இடமில்லை என்றார்கள். இரண்டாம் வாரம் செடியில் நோய் என்றார்கள். மூன்றாம் வாரம் யாரும் எதுவும் சொல்லவில்லை, போனையே எடுக்கவில்லை. மலேசியாவில், கிள்ளானில், மாலைக் கடை வைத்துப் பிழைக்கிறவள் நான். சித்திரை பிறந்தால் பதினொரு கல்யாணங்களுக்கு மாலை கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். இங்கேயே விளையும் கேமரன் மலை ரோஜா இருக்கிறதே என்பார்கள். அது விற்கிற விலைக்கு மாலை கட்டினால் மாப்பிள்ளை வீட்டார் என்னைக் கட்டி வைத்து உதைப்பார்கள்.

ஆகவே ஐம்பத்தாறு வயதில், முழங்கால் வலியையும் கூட்டிக்கொண்டு, ஓசூருக்குக் கிளம்பினேன். ஒன்பது வருடமாக எனக்குப் பூ அனுப்பிவரும் முனிராஜை நான் நேரில் பார்த்ததில்லை. பாகலூர் பக்கம் ஒரு ஏக்கரில் பசுமைக்குடில் வைத்திருக்கிறார், அதற்குள் சிவப்பு ரோஜா, அவ்வளவுதான் தெரியும். குரல் தெரியும். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பும் வணக்கப் படம் தெரியும். அதுவும் மூன்று வாரமாக நின்றுபோயிருந்தது. பூ வராததைவிட அந்தப் படம் வராததுதான் என்னை விமானம் ஏற வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் இறங்கி, கையிலிருந்த வெள்ளியை மாற்றினேன். நாங்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்வோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் நோட்டுகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரிங்கிட் ரொம்ப டவுன் மேடம்" என்றாள், துக்கம் விசாரிக்க வந்தவள் போல. "உங்க ரூபாய் எப்படி இருக்கு?" என்றேன். "அதுவும்தான்" என்றாள். இரண்டு நோயாளிகள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசிக்கொண்ட மாதிரி இருந்தது.

வெளியே சலீம் வேனோடு நின்றிருந்தார். ஓசூர் வட்டாரத்துப் பூக்களை வாங்கிப் பெட்டி கட்டி விமானம் ஏற்றுகிற வியாபாரி. என் பெட்டிகளும் அவர் கைவழியாகத்தான் வரும். நோன்பு மாதம். உதடு உலர்ந்து வெடித்திருந்தது, ஆனாலும் என் பெட்டியை என்னைத் தூக்க விடவில்லை. முனிராஜைப் பற்றிக் கேட்டேன். "நீங்களே வந்து பாருங்கக்கா. நான் சொன்னா நம்ப மாட்டீங்க" என்று சொல்லி வேனைக் கிளப்பினார்.

பெங்களூர் நெரிசலைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரையும் அங்கேயே நின்றுவிடும். எப்படியோ அத்திப்பள்ளிக்கு வந்தோம். தமிழ்நாட்டு எல்லைக்கு முந்தைய ஊர். அங்கே டீசல் பங்க்கில் திருவிழாக் கூட்டம். எல்லாம் தமிழ்நாட்டு எண் பலகை மாட்டிய லாரிகள். "அந்தப் பக்கம் போனா லிட்டருக்கு ஏழெட்டு ரூபா ஜாஸ்திக்கா. ஓசூர்க்காரன் ஓசூர்ல டீசல் போட மாட்டான்" என்றார் சலீம். இதற்காகவே வண்டிகளை எல்லைவரை ஓட்டி வந்து நிரப்பிக்கொண்டு திரும்புகிறவர்களும் உண்டாம். முன்னால் நின்ற இரண்டு டிரைவர்கள் கன்னடத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சண்டையா என்று கேட்டேன். சலீம் காது கொடுத்துக் கேட்டு மொழிபெயர்த்தார்: "பெரியவரு சொல்றாரு, இப்ப ஆறு டயர் மாத்துற காசுல அவங்க அப்பா அந்தக் காலத்துல லாரியே வாங்குனாராம். சின்னவரு, அப்படின்னா உங்கப்பாவையே வந்து ஓட்டச் சொல்லுங்கறாரு."

ஓசூரில் தங்கிய விடுதிக்குக் கீழேயே சாப்பாட்டுக் கடை. எங்கள் ஊரில் எந்த வேளைக்கும் "பசியாறிட்டீங்களா" என்போம். அந்தப் பழக்கத்தில் சர்வரிடம் "பசியாற என்ன இருக்கு?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒடிசாக்காரர் போலிருக்கிறது, இந்தியில் ஏதோ சொல்லிப் போய்விட்டார். விலைப்பலகையில் தோசைக்கு நேரே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதன் ஓரம் பிரிந்திருந்ததால் நகத்தால் சுரண்டினேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதற்கும் அடியில் இன்னொன்று. கல்லாவில் இருந்தவர், "அம்மா, அதப் பிரிக்காதீங்க, கஸ்டமர் பாத்தா அழுவாங்க" என்றார். தோசை மட்டும் பழைய அளவில்தான் இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன். தட்டு வந்ததும் கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

திங்கட்கிழமை காலை பாகலூருக்குப் போனோம். வழியெல்லாம் தொழிற்சாலைப் பேருந்துகள், இரவு வேலை முடித்துக் கண்ணாடியில் தலைசாய்த்துத் தூங்கும் முகங்கள், நடுநடுவே முட்டைக்கோஸ் வயல். முனிராஜின் பசுமைக்குடில் தூரத்திலேயே வெள்ளையாகத் தெரிந்தது. உள்ளே கால் வைத்ததும் ஒரு கணம் நான் சொக்கிப்போனேன். எங்கு பார்த்தாலும் சிவப்பு, உள்ளங்கை அகலத்துக்கு விரிந்த ரோஜாக்கள். அடுத்த கணம்தான் வியாபாரப் புத்தி விழித்துக்கொண்டது. ரோஜாவை மொட்டாக வெட்ட வேண்டும். செடியிலேயே விரிந்துவிட்டால் அது குப்பை. இந்த ஒரு ஏக்கரும் வெட்ட ஆளில்லாமல் விரிந்து, தரையெல்லாம் இதழ் கொட்டிக் கிடந்தது.

நடுவில் முனிராஜ் நின்றிருந்தார். நாற்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர், மடித்துக் கட்டிய லுங்கி, ரப்பர் செருப்பு, கையில் போன். "வாங்கக்கா. நீங்க என்னாத்துக்கு இவ்ளோ தூரம்?" என்றவர், நான் பதில் சொல்வதற்குள் மறுபடி போனைப் பார்த்தார்.

"பூ ஏன் வரலை முனிராஜ்?"

"அனுப்பறன்க்கா. புதன்கிழமை வரைக்கும் பொறுத்துக்கங்க. எல்லாம் சரியாயிடும்."

"புதன்கிழமை என்ன?"

"டாலர் எறங்கும்" என்றார்.

அவர் மனைவி மஞ்சுளா எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டுக் களி போட்டார். கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல். நான் மென்றதைப் பார்த்து, "மெல்லாதீங்கக்கா, உருட்டி முழுங்கணும்" என்று சொல்லிக் கொடுத்தார். நோன்பாளி சலீம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மஞ்சுளா கணவரிடம் தெலுங்கில் ஏதோ படபடவென்று சொன்னார். அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் சலீமைப் பார்த்தேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இவங்ககிட்டயாவது உண்மையச் சொல்லித் தொலைன்னு சொல்றாங்கக்கா."

உண்மை இதுதான். ஏதோ ஒரு தேதியில் இன்ன விலைக்கு டாலரை விற்கிறேன் என்று இன்றைக்கே சந்தையில் சொல்லி வைக்கலாம். வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள், நாளைக்கு வரப்போகும் டாலருக்கு இன்றே விலை உறுதி செய்துகொள்ள ஏற்பட்ட வழி. முன்பெல்லாம் பெரிய கம்பெனிகள் வங்கியில் உட்கார்ந்து பேசி முடிக்கிற சமாசாரம். இப்போது போனில் ஒரு செயலி போதும். சிறு தொகை கட்டினால் பெரிய தொகைக்கு விற்கலாம். டாலர் இறங்கினால் லாபம். ஏறினால் அன்றன்றைக்கு நஷ்டத்தைக் கட்டிவிட வேண்டும். ஆயிரம் டாலர் ஒரு லாட். என் பூவிலிருந்து முனிராஜுக்கு வருவது மாதம் இரண்டு லாட் தேறும். அவர் அந்த மார்ச் மாதத்துக்கு விற்று வைத்திருந்தது ஆயிரம் லாட்.

"டாலர் பத்துப் பைசா ஏறுனா ஒரு லட்சம் போச்சுக்கா" என்றார் மஞ்சுளா. "வெள்ளிக்கிழமை ஒரு நாள்ல எவ்ளோ ஏறுச்சுன்னு நீங்களே அவரக் கேளுங்க."

உரத்துக்கு வைத்திருந்த பணம், வேலையாட்களின் சம்பளம், எல்லாம் அதற்குள் போயிருந்தது. ஆட்களை அனுப்பிவிட்டார்கள். பசுமைக்குடில் நிற்கும் நிலத்தின் பேரில், தொழிற்சாலைகளுக்கு ஷெட் கட்டி வாடகைக்கு விடும் ஒருவரிடம் பணம் வாங்கி அதையும் கட்டியிருந்தார். அந்த டாலர் வியாபாரத்துக்குப் புதன்கிழமை பகல் பன்னிரண்டரைக்குக் கெடு. அதற்குள் டாலர் இறங்காவிட்டால் நிலம் அந்த ஷெட்காரருக்கு.

நான் உருட்டிய களியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். தொண்ணூற்றெட்டு வாக்கில் எங்கள் வெள்ளி அதலபாதாளத்துக்குப் போனபோது, என் கணவர் தவணை கட்ட முடியாமல் லாரியைப் பறிகொடுத்தார். அதற்குப் பிறகுதான் நான் மாலை கட்ட உட்கார்ந்தேன். எங்கேயோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எவனோ வெள்ளியை விற்கிறான் என்றார்கள். அந்த எவனோவை நான் வருடக்கணக்கில் திட்டியிருக்கிறேன். என் மனத்தில் அவன் கோட்டும் டையும் போட்டிருப்பான். ரப்பர் செருப்போடு எனக்குக் களி பரிமாறும் வீட்டில் இருப்பான் என்று நினைத்ததே இல்லை. அதிலும் இந்த மனிதர் விற்றிருந்தது டாலரை. தன் ஊர் ரூபாய் நிமிரும் என்று நிலத்தை வைத்துப் பந்தயம் கட்டியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை முனிராஜே விடுதிக்கு வந்துவிட்டார். கையில் ஒரு பொட்டலம், தட்டுவடை செட். இரண்டு தட்டைகளுக்கு நடுவில் காரட், பீட்ரூட் துருவலும் சட்னியும் வைத்துத் தருவார்கள். முகம் முழுக்கச் சிரிப்பு. "எட்டுப் பைசா எறங்கியிருக்குக்கா!" என்றார். பக்கத்து மேசையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எட்டுப் பைசாவுக்கு ஒரு மனிதன் இப்படிச் சிரித்து அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

"சரி, இன்னைக்கே முடிச்சுக்குங்க. இப்ப விட்டா நிலம் தப்புமா?" என்றேன்.

"தப்பும். கடன் நிக்கும், நெலம் தப்பும்."

"அப்புறம் என்ன?"

அவர் சட்டைப்பைக்குள் மடித்து வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து மேசையில் பிரித்தார். இடப்பக்கம் கவாத்துத் தேதிகள். காதலர் தினத்துக்குப் பூ வேண்டுமென்றால் டிசம்பர் கடைசியில் எந்த வரிசையை எந்த நாளில் வெட்ட வேண்டும் என்று வருடவாரியாக எழுதியிருந்தார். மணிமணியான கையெழுத்து. வலப்பக்கம் டாலர் விலை, நாள்வாரியாக, பல வருடத்துக்கு.

"பாருங்கக்கா. மூணு வருசம் மார்ச் கடைசில எறங்கிருக்குது. வருசக் கணக்கு முடிக்கறப்ப கம்பெனிக்காரங்கல்லாம் வெளிநாட்டுல கெடக்கற காசக் கொண்டாந்து ரூபாயா மாத்துவாங்க. பிப்ரவரில ரோஜா ஏறுது, மார்ச்ல எறங்குது. இதுவும் அப்படித்தான். டாலருக்கும் பருவம் இருக்குதுக்கா."

"இந்த வருஷம் தப்பிப்போனா?"

"பருவம் தள்ளிப்போவும். வராமப் போவாது" என்றார். பிறகு எனக்குப் புரியவைக்கிற பொறுமையோடு சொன்னார்: "நீங்க பூ வியாபாரம் பண்றவங்க, உங்களுக்குத் தெரியாதா? பொறுக்காம பச்சை மொட்ட வெட்டிட்டா அது தண்ணில வெச்சாலும் விரியாது. கழுத்து தொங்கிப் போவும். ஒரு நாள் பொறுத்து வெட்டணும்."

பூவைப் பற்றி அவர் சொன்னது அத்தனையும் சரி. இருபது வருடம் செடியோடு வாழ்ந்து கற்ற பாடம் அது, ஒரு முறைகூட அவரைக் கைவிடாத பாடம். அதைக் கொண்டுபோய் டாலரிடம் காட்டிக்கொண்டிருந்தார். நான் கெஞ்சினேன், கோபப்பட்டேன், தட்டுவடையைத் தள்ளி வைத்தேன். "நாளைக்குப் பாருங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை சலீம் வீட்டில் நோன்பு திறக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் மனைவி ஊற்றிக் கொடுத்த நோன்புக் கஞ்சி எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் கஞ்சியைவிடக் கெட்டி, காரமும் தூக்கல். "கையில இல்லாத சரக்க விக்கறது எங்க மார்க்கத்துல ஆகாதுக்கா. அவருகிட்டயும் சொன்னன்" என்றார் சலீம். கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "ஆனா செடில இன்னும் மொளைக்காத பூவுக்கு நானும்தான் வெலை பேசறன்."

புதன்கிழமை காலையில் டாலர் ஏறத் தொடங்கியது. முனிராஜின் செயலி அவரை எதுவும் செய்யவிடாமல் பூட்டிக்கொண்டது. முதலில் பணம் கட்டு என்றது. கெடுவை ஏப்ரலுக்குத் தள்ளிப் போட்டால் தப்பிக்கலாம், அதற்குக் கிருஷ்ணகிரியில் இருக்கும் தரகு அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும், அங்கேயே நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிடலாம் என்று கிளம்பினார். மஞ்சுளா பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்தபடி வேனில் ஏறினார். வரமாட்டேன் என்று ஏன் சொல்லவில்லை என்று நான் அவரைக் கேட்கவில்லை. நானுமே ஏன் ஏறினேன் என்று எனக்குத் தெரியாது.

சூளகிரி தாண்டியதும் வேன் இருமியது. இன்னும் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. டீசல் தீர்ந்துபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சலீம் கொஞ்சம்தான் போட்டிருந்தார். மூன்று நாளாகப் பூ லோடு குறைவு, எல்லைப் பக்கம் போகவில்லை. ஓசூரில் நிரப்ப மனம் வரவில்லை. கிருஷ்ணகிரி போய்த் திரும்ப வண்டியில் இருப்பது போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். "மன்னிச்சுக்க முனிராஜு" என்று சொல்லிக்கொண்டே எதிரில் வந்த பைக்கை மறித்து, ஏறிப் போனார், டீசல் வாங்க.

வெயில் மண்டையைப் பிளந்தது. கிரானைட் பாறை ஏற்றிய லாரிகள் தரை அதிர எங்களைக் கடந்து போயின. முனிராஜ் சாலையோரத்தில் போனைப் பார்த்தபடி பத்தடி முன்னால் நடப்பார், பத்தடி பின்னால் நடப்பார். மஞ்சுளா வேன் நிழலில் குந்தியிருந்தார். பன்னிரண்டரை அந்தச் சாலையிலேயே ஆனது. முனிராஜ் நடப்பதை நிறுத்தினார்.

"ஆயிடுச்சா?" என்றார் மஞ்சுளா.

அவர் தலையை ஆட்டினார். "இருவத்தோரு பைசா ஏறிடுச்சு" என்றார். மஞ்சுளா அழவில்லை. பையின் ஜிப்பைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு மறுபடி மூடினார். டீசல் தீர்ந்ததால் நகை தப்பியது. அந்த நேரத்தில் அதை யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்படியும் கிருஷ்ணகிரிக்குப் போனோம். முனிராஜுக்கு இன்னமும் அங்கே யாராவது ஏதாவது செய்வார்கள் என்று நம்பிக்கை. ஒரு செல்போன் கடைக்கு மாடியில் அலுவலகம், நல்ல குளிர்சாதனம். அங்கிருந்த இளைஞர் மிக மரியாதையானவர். எங்களை உட்காரவைத்து, டீ வரவழைத்து, "எல்லாம் சிஸ்டம் தானாவே முடிச்சுடும் சார், எங்க கையில ஒண்ணும் இல்ல" என்றார். "ரிஸ்க் இருக்குன்னு படிச்சுட்டுத்தான கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டு, நிரூபிக்கிற மாதிரி முனிராஜின் ஃபைலைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார்.

மேலாக இருந்த தாளில் மாலைப் படம் போட்ட தலைப்பு. என் கடையின் தலைப்பு. கீழே என் முத்திரை, என் கையெழுத்து.

"இது எதுக்கு இங்க?" என்றேன்.

"வெளிநாட்டுலேருந்து டாலர் வருதுன்னு காட்டணும் மேடம். சார் இந்த லெட்டரத்தான் குடுத்திருக்காரு" என்றார் இளைஞர்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் எழுதிக் கொடுத்த கடிதம். அப்போதெல்லாம் முனிராஜ் மாதம் ஒரு விலை சொல்வார். உரம் ஏறிவிட்டது, அட்டைப்பெட்டி ஏறிவிட்டது, கூலி ஏறிவிட்டது. நானோ கல்யாண வீட்டாரிடம் ஆறு மாதம் முன்பே விலை பேசுகிறவள். ஒரு நாள் கறாராகச் சொல்லிவிட்டேன்: இனி வருஷம் முழுக்க ஒரே விலை, டாலரில், சம்மதமில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன். அவர் சம்மதித்தார். கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்துவிட்டதாகக் கடைப் பெண்களிடம் பெருமையடித்துக்கொண்டேன். பூவின் விலையை நான் கட்டிப் போட்டேன். உரத்தின் விலையை யாரும் கட்டிப் போடவில்லை. நடுவில் விழுந்த பள்ளத்தை நிரப்பத்தான் அவர் டாலரிடம் போயிருக்கிறார். போக வழிவிட்டதும் என் கடிதம்தான்.

திரும்பும் வழியில் மஞ்சுளா என்னோடு பின்னால் உட்கார்ந்திருந்தார். குரலை உயர்த்தாமல், வெளியே பார்த்தபடி சொன்னார். "அந்த லெட்டர் வந்த அன்னிக்கு இவரு அதக் கண்ணாடி போட்டு மாட்டலாம்னு சொன்னாருக்கா. நீங்க ஒரு பூவுக்கு ரெண்டு சென்ட் ஏத்திக் குடுத்திருந்தா இவரு அந்தப் பக்கமே போயிருக்க மாட்டாரு."

நான் என்ன சொல்வது? எனக்கும் விலைவாசி, எனக்கும் வாடகை, எனக்கும் வெள்ளி விழுந்துகொண்டிருக்கிறது என்று சொல்லலாம். எல்லாம் உண்மை. கையை நீட்டி அவர் கையைப் பிடிக்கப் பார்த்தேன். அவர் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை எனக்கு விமானம். காலையில் விடைபெற முனிராஜ் வீட்டுக்குப் போனால், ஷெட்காரரின் ஆட்கள் அதற்குள் வந்து பசுமைக்குடிலைச் சுற்றி நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். இரும்புக் குழாய்களைப் பழைய விலைக்கு எடுத்துக்கொள்வார்களாம், செடிகளை ஜேசிபி வந்து வாரிவிடுமாம். முனிராஜ் உள்ளே இருந்தார். நான் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவர் கையில் போன் இல்லை, கத்தரிக்கோல் இருந்தது. வரிசையாகச் செடிகளைக் கவாத்து செய்துகொண்டிருந்தார்.

"இப்ப எதுக்கு முனிராஜ்?" என்றேன்.

"தேதி வந்துடுச்சுக்கா" என்றார். அடுத்த செடிக்குக் குனிந்தார். நான் கையிலிருந்த இந்திய ரூபாயை எல்லாம் எடுத்து மஞ்சுளாவிடம் கொடுக்கப் போனேன். "வேணாங்கக்கா, உங்களுக்கு வழிச்செலவுக்கு ஆவும்" என்று உள்ளே போய்விட்டார். ரூபாயைத் திரும்பக் கைப்பையில் திணித்துக்கொண்டேன்.

ஆனாலும் பதினொரு கல்யாணம் இருந்தது. அதற்காகத்தானே வந்தேன். சலீம் வேனை இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பசுமைக்குடிலுக்கு ஓட்டினார். நவீன் என்று ஒரு தம்பி, முப்பது வயதுகூட இருக்காது. குடில் பளபளவென்று இருந்தது, மொட்டுகளுக்கெல்லாம் வலைத்தொப்பி மாட்டி, ஒரு இதழ்கூடத் தரையில் இல்லை. மொட்டின் அளவையும் காம்பின் நீளத்தையும் பார்த்ததும் எனக்கு மனம் நிறைந்துபோனது. அப்படி நிறைந்ததற்காக என் மேலேயே எரிச்சலும் வந்தது.

வழியிலேயே ஒன்று முடிவு செய்திருந்தேன். அதைச் சொன்னேன். "தம்பி, ஒரே விலைன்னு உங்களைக் கட்டிப் போட மாட்டேன். வாராவாரம் உங்க செலவுக்கு ஏத்த மாதிரி விலை சொல்லுங்க, குடுக்கறேன்."

நவீன் முகம் வாடிவிட்டது. "ஐயோ, அப்படி வேணாங்கக்கா. வருசத்துக்கு ஒரே வெலையா டாலர்லயே எழுதிக் குடுத்துருங்க. முனிராஜ் அண்ணனுக்குக் குடுத்த மாதிரி லெட்டரா. பேங்க்லயும் கேக்கறாங்க, அங்கயும் கேக்கறாங்க."

"எங்க?"

அவர் போனைத் திறந்து காட்டினார். அதே செயலி, அதே பச்சையும் சிவப்புமான எண்கள். "அண்ணன்தான் எனக்கு ஆரம்பிச்சுக் குடுத்தாரு. நல்ல மனுசங்க்கா, பாவம். மாசத்த மட்டும் தப்பாப் புடிச்சுட்டாரு. மார்ச்ல எறங்காதுக்கா. நான் பாத்து வெச்சிருக்கறன், ஏப்ரல்லதான் எறங்கும்."

"தம்பி, இதைத் தொடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றேன்.

"சும்மா ரெண்டே லாட்டுங்க்கா. அதுக்கு மேல போவ மாட்டன்" என்று சிரித்தார்.

நான் சலீமைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பிப் போய்விடலாம்தான். போனால் இன்னொரு குடில், அங்கே இன்னொரு தம்பி, விமானத்துக்கு நேரமோ ஆகிக்கொண்டிருந்தது. அதுமட்டும் இல்லை. வருடம் முழுக்க ஒரே விலை என்று அவராகவே கேட்டபோது எனக்குள் ஒரு நிம்மதி எழுந்தது. பதினொரு கல்யாணமும் கைதப்பாது என்ற நிம்மதி. அதை நான் மறைக்கப் போவதில்லை. என்னை நானே அவ்வளவு கேவலமாக உணர்ந்ததும் இல்லை.

நவீன் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். கைப்பையிலிருந்து கடை முத்திரையை எடுத்தேன். வெயிலில் மை காய்ந்துபோயிருந்தது. அவர் உள்ளே ஓடிப் போய், தன் மைப்பெட்டியைக் கொண்டுவந்து திறந்து, எனக்கு வசதியாகப் பிடித்துக்கொண்டார். நான் அழுத்திக் குத்தினேன்.